ரிட்டர்ன்காரர் போய்வந்த ஐரோப்பா

அந்த பஸ் டிப்போவில் நானூறு பேர் வேலை பார்த்தார்கள். அதில் "ரிட்டர்ன்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் ஒருவர்தான், டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு ஷெட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்பி வந்து அதே கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் முறைத்தால் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் போய்விடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அது சும்மா புளுகு. இரண்டு நிமிடம் போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு உலகத்தில் ஒரே சட்டம். கிளம்பின இடத்துக்கே திரும்ப வேண்டும், அதுவும் போன வழியே. ரொட்டி வாங்கத் தெருவின் இடது ஓரமாகப் போனார் என்றால் வரும்போதும் அதே ஓரம்தான். ஒருமுறை அவர் கடைக்குள் இருந்தபோது குழாய் பதிப்பவர்கள் வந்து அவர் போன வழியை வெட்டிவிட்டார்கள். எதிர் ஓரம் அகலமாக, காலியாகக் கிடந்தது. இவர் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளத்தை மூடும்வரை நின்றார். மூடி முடித்தபோது ரொட்டி பழையதாகிவிட்டது என்று கடைக்காரர் புதிதாக ஒன்று கொடுத்தனுப்பினார்.

இன்னொரு முறை வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சரில், அவசரப் பிரிவு வாசல் வழியாக உள்ளே போனார். மூன்றாம் நாள் குணமாகி, காலில் செருப்பு மாட்டி, தலை வாரி நின்றவரை முன்வாசல் வழியாகப் போகச் சொன்னார்கள். "எந்த வழியா வந்தேனோ அந்த வழியாத்தான் போவேன்" என்றார். அத்தோடு விட்டாரா? "எதுல வந்தேனோ அதுல" என்றும் சொல்லிவிட்டார். ஸ்ட்ரெச்சரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே அவர் வெளியே வந்ததைப் பார்த்து, வாசலில் அழுதுகொண்டிருந்த ஒரு குடும்பம் அழுகையை நிறுத்தியது.

இவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் துணி திருத்தித் தைப்பவர். நீளக் கால்சட்டையைக் குட்டையாக்குவது, இளைத்தவர்களுக்குப் பிடிப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது. தெருவே தையல்காரம்மா என்றுதான் கூப்பிடும். வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் அதிகம் பேச மாட்டார். குண்டூசிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டார் என்றால், எதிரே இருப்பவர் எழுந்து நின்றுகொள்வது நல்லது.

தையல்காரம்மாவுக்கு ஒரே ஓர் அக்கா. ரோம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறார். பதினோரு வருஷமாக இருவருக்கும் போனில்தான் உறவு. அடுத்த மாதம் அக்காவின் மகள் பட்டம் வாங்கப் போகிறாள். அந்த விழாவுக்குத் தன் தங்கை தைத்த கவுனைத்தான் போட்டுக்கொண்டு போவேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். அளவு கேட்டதற்கு, டேப் இல்லையென்று காயத்துக்குக் கட்டும் துணியால் இடுப்பைச் சுற்றி, அந்தத் துணியைச் சுவரில் பிடித்து ஸ்கேலால் அளந்து சொன்னார். அந்தத் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தையல்காரம்மா கரும்பச்சைத் துணியை வெட்டி, மிஷினில் கொடுக்காமல், கையால் நூலோட்டி மட்டும் வைத்தார். கவுனின் கைகள் இரண்டையும் தனியாகச் சுருட்டி வைத்தார்.

"இனிமே உன்னை நிக்க வெச்சுத்தான் தைக்கணும். எனக்கு ரெண்டு நாள் வேணும்க்கா" என்றார் போனில்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் எனக்கு லீவுடீ. வாசப்படியிலயே நிக்கறேன், வா" என்றார் அக்கா.

அந்த இரண்டு நாள்தான் தையல்காரம்மாவுக்கு ஐரோப்பா. மற்றபடி அந்தக் கண்டத்தோடு அவருக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

ஆனால் வீட்டில் ஒரு டைம்கீப்பர் இருக்கிறாரே. சர்வீஸில் ஒரே ஒரு தடவை கிடைக்கும் நீண்ட விடுப்பை அவர் எழுதி வாங்கியிருந்தார். "அவ்வளவு தூரம் வண்டியை எடுத்துக்கிட்டு ஒரே ஒரு ஸ்டாப்பிங்ல நின்னுட்டு வர்றதா?" என்று கேட்டு, சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு புளியங்கொட்டைகளை அதன்மேல் வைத்தார். பாரிஸ், ஜூரிக், வெனிஸ், ரோம். முதலில் இறங்குவது பாரிஸில். ஏனென்றால் அங்கே நேர் விமானம் போகிறது. கடைசி ஊர் ரோம். பிறகு பென்சிலை எடுத்து ரோமிலிருந்து பாரிஸுக்கு ஒரு நீளக் கோடு இழுத்தார்.

"இது எதுக்குங்க?" என்றார் மனைவி, குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து.

"எதுக்கா? திரும்ப வேணாமா? பாரிஸ்லதானே இறங்கறோம்? அங்கேயிருந்துதான் ஏறணும். திங்கட்கிழமை காலையில ஃப்ளைட். ஒரு நாள் முன்னாடியே அங்க போய் நின்னுடணும். வழியில எதுவும் ஆகலாம். அதனால சனிக்கிழமை காலையில ரோம்லேர்ந்து கிளம்பிடறோம்."

"சனிக்கிழமை காலையிலயா? ரோமுக்கு எப்ப போறோம்?"

"வெள்ளிக்கிழமை சாயந்தரம்."

"அக்காவுக்கு வெள்ளிக்கிழமை டூட்டி முடிய ராத்திரி ஆயிடும்."

"அப்ப சனிக்கிழமை காலையில ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு. வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் இருக்கு. அக்கா தங்கச்சி பேசிக்க நாப்பது நிமிஷம் போதாதா? எங்க டிப்போவுல நாலு வண்டியைக் கழுவி வெளிய அனுப்பிடுவோம்."

நாற்பது நிமிஷத்தில், பிளாட்பாரத்தில், ஐம்பத்தேழு வயது அக்காவை நிற்க வைத்துக் கவுனுக்குக் கை ஒட்ட முடியுமா என்று தையல்காரம்மா யோசித்துப் பார்த்தார். ஒரு கை ஒட்டலாம்.

டிக்கெட் போடப் போன இடத்தில்தான் வேறொரு வழி இருப்பது தெரிந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், சாயம் போன விமானப் படம், சுழலும் நாற்காலியில் ஒரு பெண். அந்த நாற்காலி பாதி சுற்றில் சிக்கிக்கொள்ளும். அதனால் அவள் எல்லோரிடமும் தோளைத் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள்.

"சார், ரோம்லேர்ந்து நேரா ஊருக்கு வரலாமே. எதுக்குத் திரும்ப பாரிஸ் போறீங்க?" என்றாள்.

"அதெப்படிம்மா? போனது பாரிஸ்ல இல்ல?"

"போறது பாரிஸுக்கு, வர்றது ரோம்லேர்ந்து. ஒரே டிக்கெட்ல போடலாம் சார். ஓப்பன் ஜா, திறந்த தாடைன்னு சொல்லுவாங்க. கம்ப்யூட்டர்ல மல்டி சிட்டின்னு இருக்கும், அதுல தேடணும்." ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினாள். பாரிஸுக்கும் ரோமுக்கும் நடுவில் மூன்றாவது பக்கம் திறந்து கிடந்தது. "இந்தப் பக்கம் ரயிலோ பஸ்ஸோ உங்க இஷ்டம். விமானக் கம்பெனி அதைக் கண்டுக்காது."

டைம்கீப்பர் அந்தத் திறந்த பக்கத்தை, கதவு சாத்தாத வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரெண்டு சிங்கிளா போட்டா காசு கூடுமே?"

"ரெண்டு சிங்கிள் தனித்தனியா வாங்கினாத்தான் சார் எகிறும். இது ஒரே புக்கிங். ரிட்டர்னுக்கும் இதுக்கும் இன்னிக்கு ஏதோ கொஞ்சம்தான் வித்தியாசம். நீங்க சொல்ற மாதிரி போனா ரோம்லேர்ந்து பாரிஸுக்குத் தனியா டிக்கெட், ஒரு ராத்திரி கூட ரூம். அந்த வண்டி லேட்டாகி ஃப்ளைட்டைத் தவற விட்டா, கம்பெனி உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது தனி டிக்கெட், இது தனி டிக்கெட்."

"அதனாலதான் ஒரு நாள் முன்னாடியே போறோம்!"

"சார், அந்த ஒரு நாளே தேவையில்லைங்கறேன்."

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். நம்மளைக் கொண்டுபோய் விட்ட வண்டிக்குத்தானே நம்மளைத் திரும்பக் கொண்டுவர்ற பொறுப்பு? ரோம்ல நிக்கற வண்டிக்கு நான் யாரு? அது எனக்கு யாரு?"

அந்தப் பெண் நாற்காலியை முழுக்கத் திருப்ப முயன்றாள். முடியவில்லை. தையல்காரம்மாவின் பக்கம் தோளைத் திருப்பி, "அம்மா, சார் எங்க வேலை பார்க்கறாரு?" என்று கேட்டாள்.

"பஸ் டிப்போவுல."

"அதானே பார்த்தேன்" என்றாள். "நாளன்னிக்கு வரைக்கும் இந்த ரேட் இருக்கும் சார். யோசிச்சுட்டு வாங்க."

மறுநாள் டிப்போ கேன்டீனில் இதே பேச்சு. கிழட்டு டிரைவர் ஒருவர் டம்ளரை மேசையில் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரிட்டர்ன் சார், நீங்க சொல்றதுதான் நியாயம். போன பைலட்டுக்குத்தான் நம்ம முகம் தெரியும்."

"அப்படிச் சொல்லுங்க."

"ஆனா அந்தாளு பத்து நாளா பாரிஸ்ல உங்களுக்காக எஞ்சினை ஓட விட்டுட்டா நிப்பாரு? டீசல் என்ன ஆகும்?"

"எஞ்சினை அணைச்சுட்டுத்தான்யா நிப்பாங்க."

"கண்டக்டர் பொண்ணுங்க? பத்து நாளும் பட்டாணி பாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசப்படியிலயா நிக்கும்?"

மேசை முழுக்கச் சிரிப்பு. டைம்கீப்பர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கட்சிக்கு ஆள் இல்லாதபோது அவர் கட்சி அவருக்கு இன்னும் பிடித்துப்போகும். அந்த நேரம் டிப்போ மேனேஜர் உள்ளே வந்தார். கையில் ஓர் ஓவர்கோட். முட்டிக்குக் கீழே வரும், கரடித் தோல் நிறம், எட்டு பித்தளைப் பட்டன். அந்தக் கோட்டு ஒரு காலத்தில் உயிரோடு நடமாடியது என்று கேன்டீன்காரர் சத்தியம் செய்வார்.

"ரிட்டர்ன், அங்கெல்லாம் குளிருமாம். எங்கப்பாவோட கோட்டு இது. பத்திரமா கொண்டுவந்து என் கையில கொடுக்கணும். ஒரு பட்டன் குறைஞ்சாலும் அந்த இடத்துல உங்களைத் தைச்சு மாட்டிடுவேன்."

"சார், நான் எடுத்த எந்த வண்டி திரும்பாம இருந்திருக்கு?" என்றார் டைம்கீப்பர்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் நாலு குண்டூசி வரிசையாக இருந்தது. அவர் உட்காரப் போனவர் உட்காரவில்லை.

குண்டூசிகளுக்குப் பக்கத்தில் ஒரு டிரிப் ஷீட். வண்டி எங்கே கிளம்புகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை பயணி, எதற்காகப் போகிறது என்று கட்டம் கட்டமாக நிரப்புகிற அதே டிப்போத் தாள். கெட்டுப்போன தாள்களை அவர் வருஷக்கணக்காக வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றின் பின்புறத்தில்தான் தையல்காரம்மா கடைச் சாமான் எழுதுவார். இருபத்தெட்டு வருஷம் பின்புறத்தில் எழுதியவர் அன்று முதல் தடவையாக முன்புறத்தில் எழுதியிருந்தார்.

முதல் நடை: ஊர் முதல் பாரிஸ். பயணி இரண்டு. நோக்கம்: உங்களுக்குக் கோபுரம் பார்க்க. இரண்டாம் நடை: பாரிஸ் முதல் ஜூரிக். நோக்கம்: உங்களுக்கு மலை பார்க்க. மூன்றாம் நடை: வெனிஸ். உங்களுக்குத் தண்ணீர் பார்க்க. நான்காம் நடை: ரோம். எனக்கு அக்காவைப் பார்க்க. ஐந்தாம் நடை: ரோம் முதல் பாரிஸ். நோக்கம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஆறாம் நடை: பாரிஸ் முதல் ஊர். நோக்கம்: திரும்ப.

"இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார்.

டைம்கீப்பர் கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். ஐந்தாவது வரியில் பேனா நின்றது.

"இந்தக் கட்டம் காலியா இருக்கே."

"நீங்களே ரொப்புங்க. அந்த நடை எதுக்கு ஓடுதுன்னு எழுதுங்க."

"திரும்பறதுக்கு."

"திரும்பறது ஆறாவது நடை. அஞ்சாவது எதுக்கு?"

அவர் பேனாவை உருட்டினார். டிப்போவில் அவர் மெமோ கொடுத்துத் தண்டிக்கிற ஒரே குற்றம் காலி ஓட்டம்தான். காரணமில்லாமல் காலி வண்டியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனவனை அவர் சும்மா விட்டதில்லை. தன் சொந்த மைத்துனன் டிரைவராக இருந்தபோது, மூன்று கிலோமீட்டர் காலியாக ஓட்டினான் என்று ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தவர் அவர். மைத்துனன் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அதிலும் அவருக்கு ஒரு நிம்மதி.

"காலி ஓட்டம்" என்றார், தனக்குள்ளே பேசுவதுபோல.

"எத்தனை கிலோமீட்டர்?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

"மூணு கிலோமீட்டருக்கு ஒரு வாரம்னா ஆயிரத்துக்கு எவ்வளவு? நீங்கதானே கணக்குப் போடுவீங்க?"

அவர் வீட்டுக் கடிகாரத்தை எவ்வளவோ முறைத்தார். அன்று அது பின்னால் போகவில்லை. கடைசியில் ஐந்தாம் நடையின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்து, ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மாடிப்படிக்கு அடியில் போய், "அந்த வாய் மூடாத டிக்கெட்டையே போடும்மா" என்றார். போக பாரிஸ், திரும்ப ரோம். ரோமில் வெள்ளி சாயந்தரம் இறக்கம், திங்கள் காலை ஏற்றம்.

அக்காவுக்குப் போனில் சொன்னபோது அந்தப் பக்கத்தில் ஏதோ விழுந்து உடைந்தது. சந்தோஷத்தில் கைதட்டினாராம், கையில் கண்ணாடி டம்ளர் இருந்ததை மறந்து.

கதை இங்கே முடிந்திருந்தால் தையல்காரம்மா ஜெயித்தார் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தோற்ற மனிதர் சும்மா இருப்பாரா? கிடைத்த இரண்டு நாளை வெறுமனே விட அவருக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை காலை ஏழு பத்திலிருந்து ஞாயிறு இரவு ஒன்பது ஐம்பது வரை ரோமுக்கு ஒரு கால அட்டவணை தயாரித்தார். பழைய கட்டிடம் முப்பத்தைந்து நிமிடம். இன்னொரு பழைய கட்டிடம் முப்பது நிமிடம், "முந்தையதைவிடச் சிறியது" என்ற குறிப்போடு. நீரூற்று பன்னிரண்டு நிமிடம். ஞாயிறு மதியம் இரண்டே காலுக்கு எதிரே, சிவப்பு மையில்: "அக்காவுடன் பேச்சு, கவுன் உள்பட: 25 நிமிடம்."

"நாப்பது நிமிஷமே தேவலையே" என்றார் தையல்காரம்மா.

"நீதானே ரெண்டு நாள் கேட்ட? ரெண்டு நாளும் ரோம்லதான் இருக்கப் போற. அதுல பேச்சுக்கு எவ்வளவுங்கறதை விவரமா நீ சொல்லலையே?"

தையல்காரம்மா குண்டூசிகளை வாயில் போட்டுக்கொண்டார்.

பாரிஸில் வெயில் கொளுத்தியது. மே மாதக் கடைசி. ஓவர்கோட்டையும் ஆறு ஸ்வெட்டரையும் கம்பளித் தொப்பிகளையும் சுமந்த பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு மூன்று நாள் மாடி ஏறி இறங்கியதில் டைம்கீப்பருக்குத் தோள் இறங்கிவிட்டது. அந்த ஓட்டலில் லிஃப்ட் ஒன்று இருந்தது. ஒல்லியான ஓர் ஆளும் அவருடைய நல்லெண்ணமும் மட்டும் அதில் ஏறலாம், பெட்டி ஏறாது.

நாலாம் நாள் காலை ஜூரிக்குக்குக் கிளம்பும்போது வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை திறந்திருப்பதை அவர் பார்த்தார். உள்ளே வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றும் தரையில் வரைந்த கோட்டுக்குள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். அவர் முகம் மலர்ந்தது. பத்து நாளில் அவர் பார்த்த ஐரோப்பாவில் அவருக்கு நிஜமாகவே பிடித்த காட்சி அதுதான். கோபுரத்தைப் பார்த்தபோதுகூட, "ராத்திரி இதை எங்க நிறுத்துவாங்க?" என்றுதான் கேட்டார்.

"ஷெட்டு!" என்றார். "இந்தப் பெரிய பெட்டியை இங்க விட்டுடுவோம். நமக்குச் சின்னப் பை போதும். உனக்கு வேணுங்கறதை எடுத்துக்கோ."

தையல்காரம்மா அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். மேசைக்காரர் எப்போது திரும்ப வருவீர்கள் என்று கேட்டதற்கு டைம்கீப்பர் ஒரு கணம்கூட யோசிக்காமல் ஃபாரத்தில் "ஞாயிறு" என்று எழுதினார். மூளைக்குத் தெரியும், டிக்கெட் ரோமிலிருந்து என்று. ஆனால் எழுதியது மூளை இல்லையே, இருபத்தெட்டு வருஷத்துக் கை. நாற்பத்தொன்று என்று போட்ட மஞ்சள் வில்லையை வாங்கிப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டார். தையல்காரம்மா வாயில் அன்று ஒரு குண்டூசிகூட இல்லை. இருந்தும் பேசவில்லை.

மலை பார்த்தார்கள். தண்ணீர் பார்த்தார்கள். கை வீசி நடந்ததில் டைம்கீப்பருக்கு இளமை திரும்பிவிட்டது. வெனிஸில் ஒரு பாலத்தை ஏறிக் கடந்துவிட்டு, வழக்கம்போல அதே பாலத்தில் திரும்பி இறங்கினார். மறுபடி ஏற வேண்டியிருந்தது, ஏனென்றால் ஓட்டல் அந்தப் பக்கம். அப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி, அந்தப் பாலம் இரண்டு விரல்கடை தேய்ந்துபோயிருக்கும்.

வெள்ளிக்கிழமை ரோம். மாலையில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, திங்கட்கிழமைப் புறப்பாட்டுக்குச் சாமான் சரிபார்த்தார். பாஸ்போர்ட் இரண்டு. டிக்கெட் ஒன்று. சின்னப் பை இரண்டு. சட்டைப் பையில் கையை விட்டார். மஞ்சள் வில்லை வந்தது.

"இது என்னது?" என்றார்.

"நாப்பத்தொண்ணு" என்றார் மனைவி.

"இந்த ஷெட்டு..."

"பாரிஸ்ல இருக்கு."

"நாம..."

"ரோம்ல இருக்கோம்."

"ஃப்ளைட்டு..."

"இங்கேயிருந்துதான். அஞ்சாவது நடையை நீங்கதானே அடிச்சீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு பாரிஸ் ஓட்டலுக்குப் போன் போட்டார். கூரியரில் அனுப்பலாம், அடுத்த வாரம் ஊருக்கே வந்து சேரும் என்றார்கள். எட்டு பித்தளைப் பட்டன்களும் தனித்தனியாக அவர் கண் முன்னால் வந்து நின்றன. மேனேஜரின் அப்பாவுடைய கோட்டை முகம் தெரியாதவன் கையில் விடுவதா?

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். "ரெண்டு மணி நேர ஃப்ளைட்டுதான். ஆனா இந்த ரெண்டு நாளும்... அட்டவணை போட்டு வெச்சேனே..."

"அதை என்கிட்ட கொடுங்க. நான் பார்த்துக்கறேன்."

"இருபத்தஞ்சு நிமிஷம், மறந்துடாதே."

"மறப்பேனா?"

சனிக்கிழமை அதிகாலையில் அவர் கிளம்பினார். அக்கா காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் ஓட்டல் தாழ்வாரத்தில் போக்குவரத்து நின்றுபோனது. பக்கத்து அறைக்காரர்கள் ஜன்னல் வழியாக இறங்கிப் போனார்கள் என்று கேள்வி.

பிறகு அக்கா வீட்டுக்குப் போனார்கள். ரோம் நகரத்தில் ஒரு பழைய கட்டிடத்தையும் தையல்காரம்மா பார்க்கவில்லை. அட்டவணைத் தாளின் பின்புறத்தில் அக்காவின் சரியான அளவை எழுதினார். அக்காவைச் சமையலறை முக்காலிமேல் நிற்க வைத்து, நூலோட்டத்தைப் பிரித்து, தோளை இறக்கி, இடுப்பில் இரண்டு விரல் விட்டு, இடது கையை ஒட்டினார். சனிக்கிழமை முடிந்தது. நடுவில் பதினோரு வருஷத்துப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வலது கையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அக்காவுக்கு அது உறைத்தது.

"ஏய், நில்லு. பெரிய பெட்டியை அவரு மறந்து பாரிஸ்ல விட்டுட்டார்னு சொன்ன. இந்தக் கவுனும் பெட்டியிலதானே இருந்தது? இது எப்படிடீ உன் கைப்பையில வந்தது?"

தையல்காரம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அக்கா முக்காலியில் நின்றுகொண்டிருந்ததால் புதிதாக எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

"அவரு வண்டியை ஷெட்டுல விட்டப்போ நான் பக்கத்துலதான்க்கா நின்னேன்."

"பார்த்துக்கிட்டேவா இருந்த?"

"ஃபாரத்துல ஞாயிறுன்னு எழுதினார். எழுத்து ரொம்ப அழகா இருந்தது. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் வலது கைத் தையல் தெறித்தது. மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. அதற்கும் நேரம் இருந்தது.

பாரிஸில் டைம்கீப்பர் சனிக்கிழமை மதியமே ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தார். மேசைக்காரர் பெட்டியை உடனே எடுத்து நீட்டினார். டைம்கீப்பர் வாங்கவில்லை. ஃபாரத்தில் ஞாயிறு என்று எழுதியிருக்கிறதே. அதே அறையைக் கேட்டு வாங்கி, அதே கட்டிலில் படுத்து, ஞாயிறு காலை கையெழுத்துப் போட்டுப் பெட்டியை எடுத்தார். விமான நிலையத்தில் எடை கூடியது. ஆறு ஸ்வெட்டரில் மூன்றையும், அவற்றின் மேல் ஓவர்கோட்டையும் போட்டுக்கொண்டார். ரோமில் அவர் இறங்கியபோது அவரைச் சுற்றி லேசாக மழை பெய்வதுபோல இருந்தது. வானத்தில் மேகமில்லை, அத்தனையும் அவர் வியர்வை.

அப்படி நனைந்த மனிதர் அக்கா வீட்டு வாசலில் நின்று சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்கிறார் தையல்காரம்மா.

"ஏ, தெரியுமா?" என்றார். "போகும்போது எந்த விமானமோ வரும்போதும் அதே விமானம்! வால்ல நம்பரைப் பார்த்தேன்! அதே சீட்டு! நேத்து காலையில சிரிச்ச அதே பொண்ணு திரும்பியும் சிரிச்சுது!"

பத்து நாள் சுற்றுலாவைப் பற்றி டிப்போவில் யார் கேட்டாலும் அவர் அந்த ஒரு நடையைத்தான் சொல்வார். கிளம்பியது ரோம், சேர்ந்தது ரோம். மற்றதெல்லாம் ஏதோ அலைச்சல். கோட்டை மேனேஜர் வாங்கிப் பட்டன்களை எண்ணினார், எட்டும் இருந்தன. கேன்டீனில் கிழட்டு டிரைவர் மட்டும், "அப்ப பாரிஸ்லேர்ந்து ரோமுக்கு வந்தது காலி ஓட்டம் இல்லையா சார்?" என்று கேட்டார். "கோட்டு வந்ததே" என்றார் ரிட்டர்ன்.

தையல் கடையில் மிஷினுக்கு மேலே இப்போது ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பட்டம் வாங்கிய மகளுக்குப் பக்கத்தில் கரும்பச்சைக் கவுனில் அக்கா. இரண்டு கையும் மணிக்கட்டில் ஒரே அளவில் நிற்கின்றன.

போன வாரம் டிக்கெட் போடும் பெண் தன் பாவாடையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி அந்தக் கடைக்கு வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, அடுத்த வருஷமும் போறீங்களாமே? மறுபடி ஓப்பன் ஜாதானே?" என்று கேட்டாள்.

தையல்காரம்மா குண்டூசிகளை எடுத்து வைத்தார். அந்தப் பெண்ணும் விவரமானவள், உடனே எழுந்து நின்றாள்.

"வேணாம்மா. எனக்கு நேரா ரோமுக்கே ரிட்டர்ன் போட்டுடு. அவருக்கும் அப்படியே. கூடவே அவருக்கு மட்டும், ரோம்லேர்ந்து பாரிஸுக்கு இன்னொரு ரிட்டர்ன் போடு. சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வர்ற மாதிரி."